மறைந்திருந்த கமராவும் நகை நான்கும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்து ஆறாம் இயலாகிய மெய்ப்பாட்டியலிலே மெய்ப்பாடுகள் எட்டினையும் வரிசைப்படுத்திய ஆசிரியர், நகையை முதலில் வைத்தார்; உவகையை இறுதியில் வைத்தார். அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி என்னும் ஆறும் இவ்விரண்டுக்கும் இடையே நிற்கின்றன. நகை பிறத்தற்குரிய நிலைக்களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்பதும் அவர் வகுத்த வகையே. பண்டித வகுப்பு மாணவர் இந்நான்கினையும் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவர். ஆனால், "பேதைமைக்கும் மடனுக்கும் வேற்றுமை யாது? வாழ்க்கையிலிருந்து ஒவ்வோர் எடுத்துக்காட்டுத் தருக" என்று வினாவினால் வகுப்பறையில் அமைதி நிலவும். உரையாசிரியர் காட்டும் உதாரணங்கள் அவர் காலத்துக்குரியன. நம் காலத்து உதாரணங்களை நாமே தேடிக்கொள்ளல் வேண்டும்.

யான் அவ்வாறு தேடியபோது எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த உதாரணக் களஞ்சியம் அமெரிக்க நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று. 'கன்டிட் கமரா' என்பது அதன் பெயர். கரவின்றி உள்ளதை உள்ளவாறு காட்டும் கமரா என்பது பொருள். கரவின்மையைக் காட்டுதற்குக் கமராவைக் கரந்து வைத்தனர் என்பது இப்பெயரிலேயே அமைந்த முரண். பண்டிதர் ஒருவர் தொல்காப்பியத்தை விட்டுத் தொலைக்காட்சிக்குச் சென்றதேன் என அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்கள் சிறிது பொறுத்துக் கேட்பார்களாக. மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்வது உடம்பிலே புலப்படுதல். அப்புலப்பாட்டை, அது நிகழ்பவர் அறியாதவாறு படம்பிடித்துக் காட்டியதே இந்நிகழ்ச்சி. எனவே, மெய்ப்பாட்டியல் கற்போருக்கு இஃது அயலான பொருள் அன்று.

இந்நிகழ்ச்சியை ஆக்கியவர் அலன் பண்ட் என்பவர். இவர் 1914ஆம் ஆண்டு நியூயோர்க் நகரத்தின் புறூக்ளின் பகுதியிற் பிறந்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்திற் கற்றபோது, மனிதர் கூட்டத்தின் உளப்பாங்கை ஆராய்வதிற் பெரும்புகழ் பெற்ற கேட் லெவின் என்னும் உளவியல் அறிஞருக்கு ஆராய்ச்சி உதவியாளராக இருந்தார். மனிதன் தன்னை ஒருவரும் நோக்கவில்லை என்று எண்ணும்போது எவ்வாறு நடந்துகொள்கிறான் என்னும் வினா அங்கேயே அவர் உள்ளத்தில் ஊன்றியிருத்தல் கூடும்.

இரண்டாம் உலகப் போரிலே இவர் அமெரிக்கப் படையின் செய்தித் தொடர்புப் பிரிவிற் பணிபுரிந்தார். போர்வீரர்களின் மனக்குறைகளை ஒலிப்பதிவு செய்வது அவர் மேற்கொண்ட வேலைகளுள் ஒன்று. பதிவு தொடங்கிவிட்டது என்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும், அதுவரை வாயோயாது குறை கூறிய வீரன் நாவெழாது நின்றுவிடுவான். அல்லது மேடையிற் பேசுபவன்போலச் செயற்கையாகப் பேசுவான். விளக்கை அணைத்து, பதிவு நடப்பதை மறைத்தபோதுதான் உண்மையான பேச்சு வந்தது. இச்சிறு அநுபவமே பின்னர் எழுந்த பெரிய மாளிகைக்கு அத்திவாரமாயிற்று.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 'கன்டிட் மைக்ரபோன்' என்னும் வானொலி நிகழ்ச்சியை அவர் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1948 ஓகஸ்ட் மாதத்தில் அது தொலைக்காட்சிக்கு வந்தது. பின்னர் 'கன்டிட் கமரா' என்னும் பெயரைப் பெற்றது. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சியிலே பாட்டு, ஆடல், நகைச்சுவை, விருந்தினருடன் உரையாடல் ஆகிய யாவும் கலந்த கதம்ப நிகழ்ச்சிகள் செல்வாக்குற்றிருந்தன. ஜாக் பார், கரி மூர் முதலியோர் நடத்திய அத்தகைய நிகழ்ச்சிகளில் ஓர் அங்கமாகவும் பண்ட் அவர்களின் படத்துண்டுகள் இடம்பெற்றன. 1960ஆம் ஆண்டு முதல் 1967ஆம் ஆண்டு வரை சி.பி.எஸ். நிறுவனம் அதனைத் தனி நிகழ்ச்சியாக ஞாயிறு இரவுகளில் ஒளிபரப்பியது. அந்நாட்டில் மிகப் பலராற் பார்க்கப்பட்ட நிகழ்ச்சிகளுள் அஃது ஒன்றாயிற்று. 1960இல் இங்கிலாந்திலும் அதே பெயரில் ஒரு நிகழ்ச்சி தோன்றியது. பிற நாடுகள் பலவும் பின்பற்றின.

இதன் அமைப்பு எளியது. ஓரிடத்தில் வழக்கத்துக்கு மாறான ஒரு சூழலை முன்னரே ஆக்கி வைப்பர். அங்கே கமராவையும் ஒலிவாங்கியையும் மறைத்து வைப்பர். ஒன்றும் அறியாத ஒருவர் அச்சூழலுக்குள் வருவார். அவர் திகைப்பதும், தெளிவதும், தடுமாறுவதும், தம்மைத் தாமே தேற்றிக்கொள்வதும் படமாகும். இறுதியில், "சிரியுங்கள்; நீங்கள் கன்டிட் கமராவில் இருக்கிறீர்கள்" என்னும் வாக்கியத்தால் மறைப்பு நீக்கப்படும். அதன்பின் அவருடைய எழுத்துமூல இசைவைப் பெறுவர். இசையாதவருடைய படம் ஒளிபரப்பாகாது. இக்கடைசி விதியை வாசகர் நினைவில் இருத்துவார்களாக. இக்கட்டுரையின் அச்சாணி அதுவே.

இக்காலத்திற் கமரா சட்டைப்பைக்குள் அடங்கும். அக்காலத்துக் கமராவோ பெருத்த பாரமுடையது. இயங்கும்போது இரைச்சல் இடுவது. மிகுந்த வெளிச்சத்தை வேண்டுவது. ஒருபுறம் கண்ணாடியாகவும் மறுபுறம் பலகணியாகவும் அமைந்த ஆடிகளின் பின்னும், போலிச் சுவர்களின் பின்னும் அதனை மறைத்தனர். எடுத்த படத்திற் பெரும்பகுதி கழிக்கப்பட்டு, ஒருசில நிமிடங்களே எஞ்சின. ஒரு கணத்து முகக்குறிப்பைப் பெறுதற்கு ஒரு நாள் முழுதும் காத்திருந்தனர் எனில், அஃது ஒரு வகைத் தவமே.

இனி, நகை நான்கினையும் இந்நிகழ்ச்சியின் காட்சிகளோடு பொருத்திக் காண்போம்.

முதலில் மடன். 'மடன்' என்பதற்கு அறியாமை என்று அகராதி பொருள் கூறும். ஆனால் பேராசிரியர் பேதைமையையும் மடனையும் ஒன்றென விட்டாரல்லர். அறிவின்மை பேதைமை, கேட்டதனை உய்த்துணராது மெய்யென்று கொள்ளுதல் மடன் என வேறுபடுத்தினார். இந்நுட்பம் எத்துணை ஆழமுடையது என்பதைப் பின்வருங் காட்சி விளக்கும். அமெரிக்காவின் கீழ்க்கரையில் டெலவெயர் என்றொரு சிறு மாநிலம் உண்டு. அதனுள் நுழையும் நெடுஞ்சாலையில், 'டெலவெயர் மூடப்பட்டுள்ளது' என்று எழுதிய அறிவிப்புப் பலகை ஒன்றை நாட்டினர். ஒரு மாநிலத்தை எவ்வாறு மூடுவது? அஃது என்ன கடையா, கந்தோரா? ஆயினும் வண்டியோட்டிகள் நிறுத்தினர், காரணம் வினவினர், எப்போது திறக்கும் என்று கவலைப்பட்டனர். இவர்கள் அறிவற்றவர் அல்லர். கல்வியும் தொழிலும் உடைய நன்மக்கள். பலகையில் எழுதப்பட்டிருந்தமையால் மெய் எனக் கொண்டனர். எழுத்துக்கும் அதிகாரத்துக்கும் பணிந்து பழகிய மனம் உய்த்துணர்தலை மறந்துவிடுகிறது. இதுவன்றோ மடன்!

'லிப்ட்' எனப்படும் மின்னுயர்த்தியில் எடுத்த காட்சி இதனினும் சிறந்தது. 1962ஆம் ஆண்டு ஒளிபரப்பாகிய அக்காட்சியில், நிகழ்ச்சிக் குழுவினர் சிலர் மின்னுயர்த்திக்குள் வாயிலுக்கு முதுகு காட்டிப் பின்புறம் நோக்கி நிற்கின்றனர். ஒன்றும் அறியாத ஒருவர் நடுவில் அகப்படுகிறார். முதலில் வியப்போடு மற்றவர்களைப் பார்க்கிறார். பின்னர்க் கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்போல உடம்பைச் சிறிது திருப்புகிறார். ஈற்றில் அவரும் சுவரை நோக்கி நிற்கிறார். வேறோர் இளைஞர், குழுவினர் திரும்புந்தோறும் தாமும் திரும்புகிறார், அவர்கள் தொப்பியைக் கழற்றக் கழற்றுகிறார், அணிய அணிகிறார். ஒரு சொல்லும் பேசப்படவில்லை, ஒருவரும் ஏவவில்லை.

இக்காட்சியை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடுதல் இயலாது. சொலமன் அஷ் என்னும் அறிஞர் 1950களில் நடத்திய புகழ்பெற்ற சோதனைகள் இதனையே ஆய்வுகூடத்திற் காட்டின. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் மிக எளிய வினா. குழுவிலுள்ள மற்றையோர் யாவரும் முன்னேற்பாட்டின்படி பிழையான விடையையே கூறுவர். சோதிக்கப்பட்டவர்களுள் நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையேனும் தம் கண் கண்டதை விட்டுப் பிறர் கூறியதற்கு உடன்பட்டனர். பிலிப் சிம்பார்டோ என்னும் உளவியற் பேராசிரியர் பண்ட் அவர்களோடு சேர்ந்து, இந்நிகழ்ச்சியின் காட்சிகளை உளவியல் மாணவர்க்குரிய பாடப்படங்களாக அமைத்தார். கோர்னெல் பல்கலைக்கழகமும் அவற்றைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியது. மடன் என்னும் ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய உரை இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டதென்க.

அடுத்தது பேதைமை. தெருவோரத்துத் தபாற்பெட்டி ஒன்று வாய் திறந்து பேசுகிறது. கடிதம் இடவந்தவர் திடுக்கிடுகிறார், சுற்றுமுற்றும் பார்க்கிறார், சிறிது நேரத்தில் அப்பெட்டிக்கு மறுமொழி கூறத் தொடங்கிவிடுகிறார். இங்கே பிறர் கூற்றை ஆராயாது நம்புதல் இல்லை. அஃறிணைப் பொருளை உயர்திணையாகக் கருதி உரையாடும் அறியாமையே உள்ளது. கேட்குந போலவும் கிளக்குந போலவும் அஃறிணைப் பொருள்களை அமைத்துப் பாடுதல் புலவர்க்குரிய மரபு. தபாற்பெட்டியோடு பேசிய அம்மனிதர் ஒரு கணம் புலவராயினார் என்றுங் கூறலாம். பேதைமைக்கும் கவித்துவத்துக்கும் இடையிலுள்ள வேலி மிக மெல்லியது.

மூன்றாவதாகிய இளமை என்பது பிள்ளைத்தன்மை. பண்ட் அவர்கள் குழந்தைகளோடு நிகழ்த்திய உரையாடல்கள் பலராலும் விரும்பப்பட்டன. அவற்றுள் ஏமாற்று மிகக் குறைவு. கேள்வியும், கள்ளமற்ற மறுமொழியுமே நிறைவு. 1974ஆம் ஆண்டு எடுத்த ஒரு காட்சியிலே, பள்ளிச் சிறுவரிடம் குத்துச்சண்டை வீரர் முகமது அலியைப் பற்றி வினவுகின்றனர். அவரைக் கண்டால் என்ன செய்வாய் என்ற கேள்விக்குச் சிறுவர் வீரம் பேசுகின்றனர். பேசிக்கொண்டிருக்கும்போதே முகமது அலி அவர்களின் பின்னே வந்து நிற்கிறார். திரும்பிய சிறுவரின் முகத்திலே தோன்றும் மருட்கையும் உவகையும் எந்த நடிகராலும் நடித்துக்காட்ட இயலாதவை. அவர்களுக்கு இழைக்கப்பட்டது வஞ்சனை அன்று, வழங்கப்பட்டது பரிசு.

நான்காவதாக எஞ்சி நிற்பது எள்ளல். தொல்காப்பியர் அதனை முதலாவதாகக் கூறினார். யான் அதனை இறுதிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. பிற மூன்றும் நகைக்கப்படுவோரிடத்திலே இயல்பாக உள்ளவை. எள்ளலோ நகைப்பவன் செய்யும் செயல். அதனாலே, அதற்கு அவன் பொறுப்பாளியும் ஆகிறான். பேராசிரியர் இங்கும் ஒரு நுட்பங் கூறினார்: தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் என எள்ளல் இருவகைத்து. இரண்டாவது வகையைப் படிக்கும்போது என் மாணவர் நம்பமாட்டார்கள். "ஐயா, தன்னை எள்ளினால் ஒருவனுக்குக் கோபம் அல்லவா வரும்? சிரிப்பு எவ்வாறு வரும்?" என்று கேட்பார்கள். நியாயமான வினா. அதற்கு விடை, எஞ்சின் இல்லாத மோட்டார் வண்டியில் இருக்கிறது.

அக்காட்சி இந்நிகழ்ச்சிகள் யாவற்றுள்ளும் பெரும்புகழ் பெற்றது. ஒரு பெண் மோட்டார் வண்டியைச் செலுத்திக்கொண்டு பெற்றோல் நிலையத்துக்கு வருகிறாள். வண்டியில் எஞ்சின் இல்லை, முன்னரே கழற்றப்பட்டுவிட்டது. சாய்வான வீதியில் அது தானாகவே உருண்டு வந்தது. வண்டியைச் சிறிது பார்க்குமாறு வேண்டுகிறாள். ஊழியர் முன்மூடியைத் திறக்கிறார், பார்க்கிறார், மூடியை இறக்கிவிட்டு மீண்டும் திறக்கிறார், வண்டியின் கீழே குனிகிறார், பின்புறஞ் சென்று தேடுகிறார். எஞ்சின் இல்லை என்று அவர் கூற, இவ்வளவு தூரம் ஓட்டிவந்தேனே என்கிறாள் அப்பெண். தொழில் தெரிந்த மனிதர் அவர். தம் கண்ணையும் நம்ப முடியவில்லை, தம் அறிவையும் நம்ப முடியவில்லை. அவருக்கு நிகழ்வது மருட்கை. பார்ப்பவருக்கு நிகழ்வது நகை. ஒரே பொருள் இருவரிடத்தில் இருவேறு மெய்ப்பாடாகிறது. மறைப்பு நீங்கி உண்மை விளங்கியதும், அவருடைய மருட்கையும் நகையாக மாறுகிறது. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என்று உரைகாரர் கூறியது இதுவே. அவர் ஏன் சினக்கவில்லை? அவருடைய அறிவோ, தொழிலோ, மானமோ அங்கே இகழப்படவில்லை. எஞ்சின் இல்லாத வண்டியைக் கண்டால் எவரும் அவ்வாறுதான் திகைப்பார்கள் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

எள்ளலைத் தன் மேலேயே ஏற்றுக்கொண்ட காட்சிகளும் உண்டு. ஊமைப்படக் காலத்து நகைச்சுவை மேதையாகிய பஸ்டர் கீற்றன், 1960களின் தொடக்கத்திலே, முதுமைப் பருவத்தில் இந்நிகழ்ச்சியில் தோன்றினார். உணவுச்சாலையில் அமர்ந்து உணவோடு படாதபாடு படுகிறார். அருகிலிருப்போர் தாம் சிரித்தால் அம்முதியவர் மனம் நோகும் என்று எண்ணி, வாயை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கின்றனர். பின்னாளில் புகழ்பெற்ற திரைப்பட இயக்குநராகிய வூடி அலன் அப்போது இந்நிகழ்ச்சிக்கு எழுதியும் நடித்தும் வந்தார். அவர் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, சுருக்கெழுத்துப் பெண்ணிடம் தம் காதற் கடிதத்தைச் சொல்லி எழுதுவிக்கிறார். இத்தகைய காட்சிகளில் அகப்பட்டவர் நகைப்பொருள் ஆகவில்லை. அவருடைய நாகரிகமும் பொறுமையுமே வெளிப்பட்டன.

இவ்வகை நகை நோயாளிக்கு மருந்தாயிற்று என்ற செய்தியும் உண்டு. நோர்மன் கசின்ஸ் என்னும் அமெரிக்க இதழாசிரியர் 1964ஆம் ஆண்டு கடுமையான மூட்டு நோயினால் வருந்தினார். அவர் கன்டிட் கமராப் படங்களை வருவித்துப் பார்த்ததையும், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தபின் இரண்டு மணி நேரம் நோவின்றி உறங்க முடிந்ததையும் 1979இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். மருத்துவர் இதற்கு எத்துணை மதிப்புக் கொடுப்பர் என்பது வேறு விடயம். நோயிலிருந்த ஒருவர் தாம் பெற்ற ஆறுதலைத் தாமே எழுதினார் என்ற அளவில் இஃது உண்மை.

நிற்க. வேடிக்கைக்குப் பழகிய கண் மெய்யைக் காணும்போது யாது நிகழும்? 1969ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் பண்ட் அவர்கள் தம் குடும்பத்தோடு மயாமி நகருக்கு விமானத்திற் சென்றார். நடுவானில் அவ்விமானம் கடத்தப்பட்டது. கியூபாவுக்குத் திருப்புமாறு கட்டளை பிறந்தது. பயணிகளுட் சிலர் பண்ட் அவர்களை அடையாளங் கண்டனர். உடனே அச்சம் பறந்தது. 'இஃது அவர் செய்த வேடிக்கை; எங்கேயோ கமரா இருக்கிறது' என்று சிரித்தனர். பண்ட் அவர்களோ மற்றவரைப் போலவே கலங்கியிருந்தார். விமானம் ஹவானா நகரில் இறங்கியபோதே சிரித்தவர்களுக்கு உண்மை புலனாயிற்று. பொய்யை ஆராயாது மெய்யெனக் கொள்ளுதல் மடன் எனின், மெய்யை ஆராயாது பொய்யெனக் கொள்ளுதலும் மடனே. இருபது ஆண்டுகள் மக்களுக்கு ஒன்றைக் கற்பித்தவர், அதன் மறுதலையைத் தாமே விமானத்தில் இருந்து கண்டார்.

இனி இருண்ட பக்கத்தையும் நோக்குவோம். பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1982ஆம் ஆண்டு முதல் சனிக்கிழமை மாலைகளில் ஒரு கதம்ப நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. இசையும், விருந்தினர் உரையாடலும், மறைவிற் படம்பிடித்த வேடிக்கைகளும் அதில் விரவி வந்தன. பார்வையாளர் ஒருவரைத் தெரிந்தெடுத்துத் துணிகரச் செயல் செய்விக்கும் பகுதி ஒன்றும் இருந்தது. 1986 நவம்பர் மாதத்தில் அத்தகைய செயலுக்கு ஒத்திகை பார்த்தபோது, தாமாக முன்வந்த ஒருவர் உயிரிழந்தார். நிகழ்ச்சி அத்துடன் நிறுத்தப்பட்டது. அவர் இறந்தது மறைகமரா வேடிக்கையினால் அன்று. ஆயினும், சென்ற வாரத்தினும் இவ்வாரம் பெரிதாகச் செய்தல் வேண்டும் என்னும் வேட்கை கேளிக்கையை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அஃது ஓர் எச்சரிக்கை.

2012ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்து நிகழ்ச்சி இன்னும் துயரமானது. அவுஸ்திரேலிய வானொலி அறிவிப்பாளர் இருவர், இங்கிலாந்து அரசியும் அரச குமாரரும் பேசுவதாக நடித்து, இளவரசி ஒருவர் தங்கியிருந்த இலண்டன் மருத்துவமனைக்குத் தொலைபேசியிற் பேசினர். அழைப்பை ஏற்ற தாதி, அதனை மெய்யென நம்பி விடுதிக்கு இணைத்துவிட்டார். அவ்வுரையாடல், ஏமாற்றப்பட்டவர்களின் இசைவின்றியே ஒலிபரப்பப்பட்டு உலகெங்கும் சிரிப்பாயிற்று. சில நாட்களுக்குள் அத்தாதி உயிர் நீத்தார். தொலைபேசியில் வந்த குரலை நம்பியது மடன் என்று தொல்காப்பியர் வகைப்படுத்தக்கூடும். ஆனால் அந்த மடனைப் படைத்தது எது? நோயாளியின் உறவினர் என்று கூறியவரை மதித்து நடந்த அவருடைய கடமையுணர்ச்சியல்லவா? ஒருவருடைய நற்குணத்தையே தூண்டிலாக்கி அவரை எள்ளுதல் நகைச்சுவையாகாது. விளையாட்டிலுங்கூட இகழ்ச்சி துன்பந் தரும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் நகைச்சுவையைப் பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை. பண்புடைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். அவ்வைப்புமுறையே ஒரு விளக்கவுரை.

இவையெல்லாம் மேலைநாட்டுச் செய்திகள். நமக்கென்ன என்று வாசகர் எண்ணலாகாது. யூடியூப் 2005ஆம் ஆண்டில் தோன்றியபின் கமராவை மறைப்பதற்கு ஆடியும் வேண்டா, போலிச் சுவரும் வேண்டா. ஒவ்வொரு மாணவன் கையிலும் கமரா இருக்கிறது. அலன் பண்ட் அவர்களிடம் இருந்த ஒன்று மட்டும் அவனிடத்தில் இல்லை: இசைவுப் பத்திரம்.

சென்ற ஆண்டு, மெய்ப்பாட்டியல் நடந்துகொண்டிருந்தபோது, மாணவன் ஒருவன் எள்ளலுக்கு உதாரணம் என்று தன் கைத்தொலைபேசியில் ஒரு காட்சியைக் காட்டினான். ஏதோ ஒரு சந்தை. மரக்கறி விற்கும் முதியவர் ஒருவரின் பின்னே இளைஞன் ஒருவன் பெருஞ் சத்தம் எழுப்புகிறான். அவர் துள்ளி விழுகிறார், தராசு சரிகிறது, தக்காளி சிதறுகிறது. சுற்றி நின்றோர் சிரிக்கின்றனர். பின்னர் அவரும் சிரிக்கிறார்.

"ஐயா, பாருங்கோ, அவரும் சிரிக்கிறார்தானே? எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் இதுதானே?" என்றான் மாணவன்.

வகுப்பு முழுவதும் என் முகத்தை நோக்கியது. யான் மறுமொழி கூறவில்லை. "மீண்டும் ஒருமுறை ஓடவிடு; இம்முறை வாயைப் பாராதே, கையைப் பார்" என்றேன். மீண்டும் ஓடியது. வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கைகள் நடுங்கிக்கொண்டே தக்காளியை ஒவ்வொன்றாகப் பொறுக்கின. உடைந்தவற்றை ஒருபுறம் ஒதுக்கின. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி, "ஐயா, அது நகையில்லை, இளிவரல்" என்றாள். காட்டிய மாணவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "உடைஞ்சதுக்கு ஆர் ஐயா காசு குடுத்தது?" என்று கேட்டான். அன்று மெய்ப்பாட்டியற் பாடம் நிறைவெய்தியது என்றே கொண்டேன்.

சிரிப்பு எல்லாம் நகை அன்று. நாணத்தை மறைத்தற்கும் சிரிப்பு வரும். அச்சத்தை மறைத்தற்கும் வரும். பலர் நடுவே தனித்து நிற்கும் ஒருவன் அப்பலரோடு சேர்ந்துகொள்வதற்காகவும் சிரிப்பான். மின்னுயர்த்தியிலே சுவரை நோக்கித் திரும்பிய மனிதரைப் போன்றவனே அவன். மற்றவர் யாவரும் சிரிப்பதால் தானும் சிரிக்கிறான். அச்சிரிப்பை இசைவு என்று கணக்கிடுதல் பெருங் கொடுமை. அதனாலேயே எழுத்துமூல இசைவு வேண்டப்பட்டது. பரபரப்பு அடங்கி, உண்மை விளங்கி, வேண்டா என்று கூறும் உரிமையும் தனக்கு உண்டு என அறிந்தபின் ஒருவர் இடும் கையொப்பமே இசைவு. அக்கையொப்பத்தைப் பெறும்போதும் முகவிலாசமும் தயக்கமும் கலந்திருக்கக்கூடும். ஆயினும் கேட்டல் என்னும் ஒரு படி அங்கே இருந்தது. இன்று அப்படி தூர்ந்துவிட்டது.

மெய்ப்பாடுகள் எட்டின் வரிசையை ஒருமுறை மீண்டும் எண்ணிப் பாருங்கள். நகையில் தொடங்கிய வரிசை உவகையில் முடிகிறது. தொல்காப்பியர் இக்கருத்தால் வைத்தார் என்று யான் கூறத் துணியேன். ஆனால், ஒரு வேடிக்கையை அளப்பதற்கு இவ்வரிசை நல்லதோர் அளவுகோல். நாம் செய்யும் வேடிக்கை அகப்பட்டவரை மருட்கையின் வழியே நடத்திச் செல்லலாம். சிறிது அச்சத்தின் வழியேயும் நடத்திச் செல்லலாம். உவகையிலே கொண்டுபோய் விட்டால் அது நகைச்சுவை. இளிவரலிலோ அழுகையிலோ வெகுளியிலோ அவரை நிறுத்திவிட்டு நாம் மட்டும் சிரித்துக்கொண்டு திரும்பினால், அதற்குப் பெயர் வேறு. பெற்றோல் நிலையத்து ஊழியரும், முகமது அலியைக் கண்ட சிறுவரும் உவகைவரை சென்றனர். இலண்டன் தாதியை நடுவழியில் விட்டுவிட்டனர். மரக்கறி விற்ற முதியவரையும் அவ்வாறே விட்டனர்.

அலன் பண்ட் 1999ஆம் ஆண்டு காலமானார். அவருடைய காட்சிகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. ஆசிரியர்களாகிய அன்பர்கள் அவற்றுள் இரண்டொன்றை வகுப்பறையிற் காட்டி, நகை நான்கினுள் இஃது எது என்று மாணவரை ஆராயச் செய்யலாம். அதன்பின் அவர்களுடைய கைத்தொலைபேசியிலுள்ள காட்சி ஒன்றையும் எடுத்து, அகப்பட்டவருக்கு நிகழ்ந்த மெய்ப்பாடு யாது, அது எங்கே முடிந்தது என்று எழுதச் சொல்லலாம். வாயை மட்டும் அன்று, கையையும் காலையும் கண்ணையும் நோக்கி எழுதச் சொல்ல வேண்டும். மெய்யின்கண் தோன்றுவதுதானே மெய்ப்பாடு! பரீட்சைக்கு நெட்டுருப் பண்ணிய நான்கு சொற்களும், படம்பிடிப்பதற்காக ஒருவர் பின்னே ஓசையின்றி நடந்து செல்லும் மாணவனின் காலை ஒரு கணம் நிறுத்துமாயின், அவ்வாண்டின் தமிழ்ப்பாடம் தன் கடனைச் செய்துவிட்டது.